நேர்மின் அயனிகளில் எலக்ட்ரான் சிதறல்: கோட்பாட்டுக் கணக்கீடுகளும் பாலாற்றுப் பகுதியின் இரு அளவீடுகளும்

ஆய்வுச் சுருக்கம்

நேர்மின் அயனியின் மீது மோதும் எலக்ட்ரான் அவ்வயனியைக் கிளர்வுறச் செய்யும் வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கோட்பாட்டு வழியில் கணக்கிடும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. வேலூர் – ஆம்பூர் தோல் பதனிடும் பகுதியின் கழிவுநீரில் குரோமியத்தை அளக்கும் பிளாஸ்மா நிறமாலைமானியும், அப்பகுதியை அடுத்த சவ்வாது மலையின் காவலூரில் பதிவாகும் விண்பொருள் நிறமாலையும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. இரண்டிலும் நிகழும் அடிப்படை மோதல் ஒரே வகையினது. எனினும் முன்னதில் தரக் கரைசல் கொண்டு கருவியைத் திருத்தலாம். பின்னதில் அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே கணக்கிட்ட மோதல் எண்களின் பிழை எங்கு மறைகிறது, எங்கு முடிவில் நேரடியாகத் தலைகாட்டுகிறது என்பதை எலக்ட்ரான் அடர்த்தியின் அடிப்படையில் கட்டுரை வரையறுக்கிறது.

திறவுச்சொற்கள்: எலக்ட்ரான் சிதறல், நேர்மின் அயனி, மோதல் வலிமை, ஒத்ததிர்வு, ஆர்-அணி முறை, மாறுநிலை அடர்த்தி, குரோமியம், காவலூர்.

1. முன்னுரை

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் பாலாற்றுச் சமவெளி, தோல் பதனிடும் தொழிலால் அறியப்படுவது. இத்தொழிலில் காரக் குரோமியம் சல்பேட்டு பெருமளவில் பயன்படுகிறது. தோலில் ஏறாத குரோமியம் கழிவுநீரில் எஞ்சுகிறது. இப்பகுதியின் நீர், நில மாசு குறித்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகத்து மாதம் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் முதன்மையான ஒன்று. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமையும், குடிநீரில் 0.05 மில்லிகிராமையும் கடத்தல் கூடாது என்பது விதி. ஆலை இயங்கலாமா, கிணற்று நீரைக் குடிக்கலாமா என்னும் முடிவுகள் இத்தகைய சிறு எண்களைச் சார்ந்துள்ளன.

அச்சமவெளியின் தெற்கே எழும் சவ்வாது மலையில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் காவலூரில் அமைந்துள்ளது. அங்கு 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் பயன்பாட்டுக்கு வந்தன.

கழிவுநீரையும் விண்மீன் ஒளியையும் ஆராய்வோர் ஒருவரையொருவர் சந்திக்க நேர்வது அரிது. ஆயினும் இருவரும் பதிவுசெய்யும் நிறமாலை வரிகளுள் பல, எலக்ட்ரான் ஒன்று நேர்மின் அயனியோடு மோதி அதனைக் கிளர்வுறச் செய்ததன் விளைவே. அம்மோதலைக் கணக்கிடுவது எவ்வாறு, அக்கணக்கீட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவை இக்கட்டுரையின் வினாக்கள்.

2. நடுநிலை அணுவும் அயனியும்: சிதறலில் வேறுபாடு

நடுநிலை அணுவை நெருங்கும் எலக்ட்ரான், அணுவின் மிக அருகே வரும் வரை அதன் விசையை ஏறக்குறைய உணர்வதில்லை. அயனியின் நிலை வேறு. கூலூம் ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்திலேயே குறைவதால், நெடுந்தொலைவிலேயே எலக்ட்ரானின் பாதை வளையத் தொடங்குகிறது. குவாண்டம் விளக்கத்தில், அயனியை விட்டு எவ்வளவு விலகினாலும் எலக்ட்ரானின் அலைச்சார்பு தனித்த அலையின் வடிவைப் பெறுவதில்லை. தொலைவின் மடக்கையைச் சார்ந்த ஒரு கட்டக் கூறு அதில் எப்போதும் எஞ்சி நிற்கும். எனவே அயனிச் சிதறல் கணக்கீடுகளில் தளஅலைகளுக்கு மாற்றாகக் கூலூம் அலைகளே அடிப்படையாகின்றன.

இதன் முதல் விளைவு தொடக்க ஆற்றலில் வெளிப்படும். கிளர்வுக்குத் தேவையான குறைந்த அளவு ஆற்றலோடு நடுநிலை அணுவைத் தாக்கும் எலக்ட்ரான், ஆற்றல் முழுவதையும் இழந்து, ஏறத்தாழ வேகமின்றி வெளியேற வேண்டும். அந்நிலையில் கிளர்வுக்கான குறுக்குவெட்டுப் பரப்பு சுழியாகிறது. அயனியிலோ, வெளியேறும் அலையின் வீச்சைக் கூலூம் ஈர்ப்பு அயனியின் அருகே உயர்த்துகிறது. வேகக் குறைவால் நேரும் இழப்பை இவ்வீச்சு உயர்வு ஈடுசெய்வதால், குறுக்குவெட்டுப் பரப்பு தொடக்க ஆற்றலிலேயே சுழியல்லாத மதிப்போடு தொடங்குகிறது. தாழ்வெப்பப் பிளாஸ்மாக்களில் அயனி வரிகள் வலுவாக ஒளிர்வதற்கு இப்பண்பும் ஒரு காரணம்.

இரண்டாம் விளைவு ஒத்ததிர்வுகள். உள்வரும் எலக்ட்ரான் தன்னிடமுள்ளதைக் காட்டிலும் சற்று மிகுந்த ஆற்றலை அயனிக்குக் கொடுத்துவிட்டால், திரும்பிச் செல்ல ஆற்றலின்றி, கிளர்ந்த அயனியைச் சுற்றித் தற்காலிகமாகப் பிணைந்து நிற்கும். சிறிது நேரத்தில் அயனி வேறொரு தாழ்ந்த மட்டத்துக்கு இறங்க, விடுபட்ட ஆற்றலைப் பெற்று எலக்ட்ரான் வெளியேறும். கூலூம் புலத்தில் இத்தகைய தற்காலிகப் பிணைப்பு நிலைகள் முடிவிலி எண்ணிக்கையில் உண்டு. ஒற்றை நேர்மின்சுமை கொண்ட அயனியில் அவற்றின் பிணைப்பாற்றல், 13.606 எலக்ட்ரான் வோல்ட்டை விளைவுறு குவாண்டம் எண்ணின் இருமடியால் வகுக்கக் கிடைப்பது. அவ்வெண் 10 எனில் 0.136 எலக்ட்ரான் வோல்ட்டாகும். எண் உயர உயர நிலைகள் ஒவ்வொரு மேல்மட்டத்தின் தொடக்க ஆற்றலுக்குக் கீழும் நெருங்கிக் குவிகின்றன. இதனால் குறுக்குவெட்டுப் பரப்பின் வரைபடம் மென்மையான வளைகோடாக அமையாது, நெருங்கிய கூர்முனைகளால் நிறைந்திருக்கும். விலக்கப்பட்ட வரிகளுக்குரிய கிளர்வு வீதம் இக்கூர்முனைகளால் சில வேளைகளில் பன்மடங்கு உயர்கிறது.

3. மோதல் வலிமை

குறுக்குவெட்டுப் பரப்பு பரப்பளவின் அலகு கொண்டது. எலக்ட்ரானின் ஆற்றல் கூடும்போது பொதுவாகக் குறைவது. கிளர்வுக்கும் அதன் எதிர்நிகழ்வுக்கும் வெவ்வேறு மதிப்புடையது. இவ்விடர்களைத் தவிர்க்க, ஹெப், மென்செல் இருவரும் 1940-இல் ஒளிர்முகில்களைப் பற்றிய ஆய்வில் வேறோர் அளவைக் கையாண்டனர். குறுக்குவெட்டுப் பரப்பைத் தொடக்க மட்டத்தின் புள்ளியியல் எடையாலும், உள்வரும் எலக்ட்ரானின் ஆற்றலாலும் பெருக்கி, உரிய மாறிலியால் வகுத்தால் அலகற்ற எண் ஒன்று கிடைக்கும். அதுவே மோதல் வலிமை. அது இரு திசைக்கும் பொதுவானது.

இவ்வெண் உயர் ஆற்றலில் நடந்துகொள்ளும் விதம் மாற்றத்தின் வகையைக் காட்டும். இருமுனை விதிப்படி அனுமதிக்கப்பட்ட மாற்றத்தில் அது ஆற்றலின் மடக்கைபோல் வளரும். விலக்கப்பட்ட மாற்றங்களுள் தற்சுழற்சி மாறாதவற்றில் ஒரு நிலைத்த மதிப்பை நெருங்கும். எலக்ட்ரான் பரிமாற்றத்தால் மட்டும் நிகழும் தற்சுழற்சி மாற்றத்தில் விரைந்து குறையும். கணக்கீட்டின் முடிவைச் சோதிக்க இவ்வரம்பு நடத்தைகள் எளிய உரைகல்லாகின்றன.

பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் பல்வேறு வேகங்களில் இயங்குகின்றன. ஆகவே மாக்ஸ்வெல் பரவலின்படி மோதல் வலிமையைச் சராசரியாக்கி, வெப்பநிலைக்கேற்ற விளைவுறு மோதல் வலிமை பெறப்படுகிறது. 8.63×10⁻⁶ என்னும் எண்ணை இதனால் பெருக்கி, மேல்மட்டத்தின் புள்ளியியல் எடையாலும் கெல்வின் வெப்பநிலையின் இருபடி மூலத்தாலும் வகுத்தால், மோதலால் மேல்மட்டம் வெறுமையாகும் வீதக்கெழு வினாடிக்குக் கன சென்டிமீட்டர் அலகில் கிடைக்கும். வானியலாளர் பயன்படுத்தும் அட்டவணைகளில் இடம்பெறுவது இவ்விளைவுறு மோதல் வலிமையே.

4. கணக்கீட்டு முறைகள்

எளிய முறையான கூலூம்–பார்ன் தோராயத்தில், எலக்ட்ரான் அயனியின் மின்சுமையை மட்டும் உணர்வதாகக் கொள்ளப்படுகிறது. மோதல் சிறு இடையூறாகக் கருதப்படுகிறது. உருக்குலைந்த அலை முறையில், அயனியின் உள்ளமைப்பால் எலக்ட்ரான் அலை திரிவதும் கணக்கில் சேர்க்கப்படும். மின்சுமை மிகுந்த அயனிகளுக்கும் உயர் ஆற்றல்களுக்கும் இது நம்பத்தக்கது. இம்முறையின் சார்பியல் வடிவத்தை ஐ.ஐ.டி. ரூர்க்கியில் இராஜேஷ் ஸ்ரீவஸ்தவாவின் குழு பல அணுக்களுக்கும் அயனிகளுக்கும் பயன்படுத்தி வந்துள்ளது. எனினும் வழக்கமான உருக்குலைந்த அலைக் கணக்கீட்டில் ஒத்ததிர்வுகள் தாமாகத் தோன்றுவதில்லை.

அவற்றைப் பெற நெருங்கிய பிணைப்பு முறை வேண்டும். இதில் மொத்த அலைச்சார்பு, அயனியின் பல மட்டங்களும் ஒவ்வொன்றோடும் இணைந்த எலக்ட்ரான் அலையும் சேர்ந்த விரிவாக எழுதப்படுகிறது. மட்டங்கள் யாவும் ஒன்றையொன்று பாதிப்பதால், இணைந்த வகைக்கெழுச் சமன்பாட்டுத் தொகுதி ஒன்று உருவாகும். இத்துறையின் அடித்தளத்தை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஸீட்டன் வலுப்படுத்தினார். தொடக்க ஆற்றலுக்கு மேலுள்ள சிதறலையும் கீழுள்ள பிணைப்பு நிலைகளையும் ஒரே கோட்பாட்டில் இணைக்கும் குவாண்டம் குறைபாட்டுக் கோட்பாடு அவரது முதன்மையான பங்களிப்பு.

ஆயிரக்கணக்கான ஆற்றல் புள்ளிகளில் அத்தொகுதியைத் தனித்தனியே தீர்ப்பது பெருஞ்சுமை. அணுக்கருவியலில் விக்னர், ஐசன்பட் இருவரும் 1947-இல் வகுத்த ஆர்-அணி முறையை, பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பர்க்கும் அவருடைய குழுவினரும் 1970-களின் தொடக்கத்தில் எலக்ட்ரான் மோதலுக்குக் கொண்டுவந்தனர். அயனியைச் சூழ ஒரு கற்பனைக் கோளம் வரையப்படுகிறது. அதன் உள்ளே எலக்ட்ரான்கள் அனைத்தும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த முழுச் சிக்கல் ஒரே முறை தீர்க்கப்படும். வெளியே எலக்ட்ரான் எளிய புலத்தில் இயங்குவதால் சமன்பாடு இலகுவானது. இரு தீர்வுகளையும் கோளப் பரப்பில் பொருத்தும் வேலை மட்டுமே ஒவ்வோர் ஆற்றலுக்கும் மீண்டும் செய்யப்படுகிறது. ஒத்ததிர்வுகளைப் பல்லாயிரம் புள்ளிகளில் வரைந்து காட்ட முடிந்தது இம்முறையால்தான்.

கணக்கீட்டின் கடினம் அயனியின் அமைப்பைப் பொறுத்தது. ஓரெலக்ட்ரான் இழந்த ஆக்சிசனின் அடிநிலை அமைவில் மூன்று எலக்ட்ரான்கள் இரண்டாம் கூட்டின் பி-துணைக்கூட்டில் உள்ளன. அவ்வமைவு 5 மட்டங்களையே தருகிறது. ஓரெலக்ட்ரான் இழந்த குரோமியத்தில் மூன்றாம் கூட்டின் டி-துணைக்கூட்டில் ஐந்து எலக்ட்ரான்கள் உள்ளன. அவ்வொரே அமைவு 37 மட்டங்களைத் தருகிறது. அண்டை அமைவுகளையும் சேர்த்தால் மட்டங்கள் நூற்றுக்கணக்காகும். 280 மட்டங்களைக் கணக்கில் கொண்டால் அவற்றிடையே நிகழத்தக்க இணைமாற்றங்கள் 39,060. அவற்றுள் மிகச் சிலவற்றையே சோதனையால் சரிபார்க்க முடியும். குறுக்குக் கற்றைச் சோதனைகளில் அயனிக் கற்றை மிக ஐதானது. அதன் அடர்த்தி, உயர் வெற்றிடத்தில் எஞ்சிய வாயுவின் அடர்த்திக்கு ஒப்பானதாகவே அமைகிறது. ஆகவே எஞ்சிய வாயுவிலிருந்து எழும் பின்னணியே அளவீட்டை மூழ்கடிக்கக்கூடும்.

5. பிளாஸ்மாவில் குரோமியம்

கழிவுநீர் மாதிரியில் உலோகங்களை அளக்கத் தூண்டல்வழிப் பிளாஸ்மா நிறமாலைமானி பயன்படுகிறது. நுண்துளிகளாக்கிய மாதிரி, ஏறத்தாழ 6,000 முதல் 10,000 கெல்வின் வெப்பநிலையில் உள்ள ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் செலுத்தப்படுகிறது. குரோமியத்தின் அயனியாக்க ஆற்றல் 6.77 எலக்ட்ரான் வோல்ட். ஆர்கானுக்கு அது 15.76. மேகநாத் சாகா 1920-இல் தந்த அயனியாக்கச் சமன்பாட்டின்படி, இச்சூழலில் குரோமியத்தின் பெரும்பகுதி ஓரெலக்ட்ரானை இழந்து நிற்கும். 205.56, 267.72, 283.56 நானோமீட்டர் அலைநீளங்களில் அளக்கப்படுபவை அந்த அயனியின் வரிகள். இவற்றுள் முதலாவது, அடிமட்டத்திலிருந்து 6.03 எலக்ட்ரான் வோல்ட் கிளர்வால் எழுவது. எலக்ட்ரான் மோதல் இக்கிளர்வின் முதன்மை வழி. ஆர்கான் அயனிகளோடு நிகழும் மின்னூட்டப் பரிமாற்றமும் பங்கேற்கிறது.

இங்கு ஒரு சொல்மயக்கத்தைக் களைவது தேவை. வேதியியலார் கூறும் மும்மதிப்பு, அறுமதிப்புக் குரோமியம் என்பவை சேர்மங்களில் உள்ள ஆக்சிசனேற்ற நிலைகள். நிறமாலையில் காணும் ஒற்றை அயனி அவற்றுள் எதுவும் அன்று. பிளாஸ்மா எல்லாச் சேர்மங்களையும் சிதைத்துவிடுவதால், நச்சுத்தன்மை மிகுந்த அறுமதிப்புக் குரோமியத்தை இக்கருவி தனித்துக் காட்டாது. மொத்தக் குரோமியத்தையே காட்டும். அறுமதிப்புக்கு டைஃபீனைல்கார்பசைடு நிறவினை போன்ற தனி முறை வேண்டும்.

இப்பிளாஸ்மாவின் எலக்ட்ரான் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10¹⁵. இவ்வளவு செறிவில் ஒரு மட்டத்தை நிரப்பும் மோதல்களும் வெறுமையாக்கும் மோதல்களும் ஏறக்குறைய ஈடாகின்றன. நிலை வெப்பச் சமநிலையை நெருங்குகிறது. முழுச் சமநிலையில் மட்டங்களின் நிரவல் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது; மோதல் வலிமை கணக்கிலிருந்து நீங்கிவிடும். முழுச் சமநிலை எட்டப்படாத நிலையிலும் இடர் இல்லை. செறிவு அறியப்பட்ட தரக் கரைசலை அதே பிளாஸ்மாவில் செலுத்தி ஒப்பிடுவதால், குரோமியத்தின் மோதல் எண் யாதாயினும் இரு பக்கமும் சமமாக நின்று விலகிவிடுகிறது.

ஆனால் 'அதே பிளாஸ்மா' என்னும் நிபந்தனை தோல் கழிவுநீரில் எளிதில் நிறைவேறுவதில்லை. தோல்கள் கெடாதிருக்க உப்பிட்டு வைக்கப்படுவதால் கழிவுநீரில் சோடியம் குளோரைடு மிகுந்துள்ளது. சோடியத்தின் அயனியாக்க ஆற்றல் 5.14 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. எளிதில் அயனியாகும் அது பிளாஸ்மாவின் எலக்ட்ரான் அடர்த்தியையும் ஆற்றல் பகிர்வையும் மாற்றுகிறது. மிகுந்த உப்பு, துளியாக்கத்தையும் பாதிக்கிறது. தூயநீரில் ஆக்கிய தரக் கரைசலோடு உப்புநீரை ஒப்பிட்டால், குரோமியத்தின் அளவு மாறாமலே வரியின் செறிவு மாறக்கூடும். எனவே தரக் கரைசலிலும் ஒத்த அளவு உப்பைச் சேர்த்தல், இட்ரியம் போன்ற அகத்தரத்தைப் பயன்படுத்தல் ஆகியவை கடைப்பிடிக்கப்படுகின்றன. மக்னீசியத்தின் அயனி வரிக்கும் (280.27 நானோமீட்டர்) அணு வரிக்கும் (285.21 நானோமீட்டர்) இடையிலான தகவு, பிளாஸ்மா எந்த அளவுக்கு உறுதியாக உள்ளது என்பதைச் சோதிக்க உதவுகிறது.

6. காவலூரில் பதிவாகும் ஒளி

விண்வெளியின் ஒளிர்முகில்களில் எலக்ட்ரான் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குப் பெரும்பாலும் நூறுகளிலோ ஆயிரங்களிலோதான் உள்ளது. ஓரெலக்ட்ரான் இழந்த ஆக்சிசனின் 372.6, 372.9 நானோமீட்டர் இணைவரிகளைக் கொண்டு இதன் விளைவைக் காணலாம். பின்னதை வெளியிடும் மட்டம் தானாக ஒளிவிட்டு இறங்கும் வீதம் வினாடிக்கு ஏறத்தாழ 3.6×10⁻⁵, அதாவது அதன் சராசரி ஆயுள் ஏழரை மணி நேரத்துக்கும் சற்று மிகுதி. 10,000 கெல்வினில் விளைவுறு மோதல் வலிமை ஏறத்தாழ 0.8, மேல்மட்டத்தின் புள்ளியியல் எடை 6. முன்கூறிய விதியில் இவற்றை இட்டால் வீதக்கெழு 1.15×10⁻⁸ எனக் கிடைக்கும். ஒளிவீதத்தை இதனால் வகுத்தால் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 எலக்ட்ரான்கள். மேல்மட்டங்கள் தமக்குள் மாறுவதை விடுத்துப் பெற்ற இம்மதிப்பே மாறுநிலை அடர்த்தியின் தோராயம்.

இவ்வடர்த்திக்கு மிகக் கீழே, கிளர்ந்த அயனி மறுமோதலுக்கு முன்னரே ஒளிவிட்டுவிடும். ஒவ்வொரு கிளர்வும் ஓர் ஒளித்துகளாகும். அப்போது வரியின் செறிவு மோதல் வலிமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இதற்கு மிக மேலே, பிளாஸ்மா நிறமாலைமானியில் கண்டதுபோல், மோதல் வலிமை முடிவிலிருந்து மறைந்துவிடும். இடைப்பட்ட அடர்த்திகளில் இரு வரிகளின் தகவு அடர்த்தியைக் காட்டும் அளவுகோலாகிறது.

காவலூர்த் தரவுகளில் இவ்வகை வரிகள் பல உண்டு. 1985-ஆம் ஆண்டு சனவரியில் ஒளிவெடித்த ஆர்.எஸ். ஒபியூக்கி என்னும் மீள்நோவாவின் நிறமாலையை அங்குப் பதிவுசெய்து அனுபமா, பிரபு இருவரும் ஆராய்ந்தனர். இரும்பின் உயர் அயனிகள் வெளியிடும் ஒளிமகுட வரிகளும் அந்நிறமாலையில் தோன்றின. ஒன்பது எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் 637.4 நானோமீட்டர் வரியும், பதின்மூன்றை இழந்த இரும்பின் 530.3 நானோமீட்டர் வரியும் இவ்வகையின. இவற்றின் செறிவிலிருந்து வெப்பநிலையையோ பொருளின் அளவையோ கணிக்க முனைவோர், இரும்பு அயனிகளின் மோதல் வலிமையைக் கோட்பாட்டிலிருந்தே பெற வேண்டும். பத்து இலட்சம் கெல்வின் வெப்பத்தில் ஒளிரும் நோவாவுக்கு ஈடான தரக் கரைசலை எந்த ஆய்வகத்திலும் ஆக்க இயலாது. இரும்பு அயனிகள் முதலியவற்றுக்கான மோதல் தரவுகளை முறையாகக் கணக்கிட 1993-இல் தொடங்கிய பன்னாட்டு 'இரும்புத் திட்டம்' இத்தேவையிலிருந்து எழுந்ததே.

7. கணக்கீடு தவறினால்: ஆக்சிசன் இணைவரிகள்

கணக்கீட்டின் பிழை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு ஆக்சிசன் இணைவரிகளே சான்று. அடிமட்டத்திலிருந்து இரு மேல்மட்டங்களுக்கும் செல்லும் மோதல் வலிமைகள் அவற்றின் புள்ளியியல் எடைகளின்படி, அதாவது 6:4 எனப் பகிர்கின்றன என்பது எளிய எதிர்பார்ப்பு. அவ்வாறாயின் தாழ் அடர்த்தியில் 372.9, 372.6 வரிகளின் தகவு 1.5 ஆகும். பிரதான் 1976-இல் செய்த கணக்கீடு இதற்கு இசைந்திருந்தது. 1998-இல் மெக்லாஃப்லின், பெல் இருவரும் சார்பியல் விளைவுகளைச் சேர்த்து வெளியிட்ட ஆர்-அணிக் கணக்கீடு இப்பகிர்விலிருந்து குறிப்பிடத்தக்க அளவு விலகியது.

இவ்விலகல் உண்மையெனில் விளைவு பெரிது. எல்லை மதிப்பு 1.5-ஐவிடக் கணிசமாக உயர்ந்தது என்று கொண்டால், தகவு 1.5 எனக் காணப்படும் முகிலில் கன சென்டிமீட்டருக்கு நூற்றுக்கணக்கான எலக்ட்ரான்கள் இருப்பதாக முடிவாகும். பழைய கணக்கின்படியோ அது மிக ஐதான முகில். அடர்த்தி மாறினால் முகிலின் பொருண்மையும் தனிமங்களின் மிகுதியும் மாறும்.

2004-இல் வாங் குழுவினர், பல ஒளிர்முகில்களில் வேறு அயனி வரிகளால் பெற்ற அடர்த்திகளோடு ஒப்பிட்டு, புதிய மோதல் வலிமைகள் காட்சித் தரவுக்குப் பொருந்தவில்லை எனக் காட்டினர். 2006-இல் பிரதான், மான்டிநீக்ரோ, நாஹர், ஐஸ்னர் ஆகியோர் சார்பியல் விளைவுகளைச் சேர்த்துத் தனியே மீண்டும் கணக்கிட்டு, இவ்வயனியில் அவ்விளைவுகள் சிறியனவே என நிறுவினர். தகவு தாழ் அடர்த்தியில் 1.5-க்கும் உயர் அடர்த்தியில் 0.35-க்கும் இடையே அமையும் என்பது அவர்கள் முடிவு.

இவ்விரு எல்லைகளையும் ஒப்பிட்டுக் காண்பது பயனுடையது. உயர் அடர்த்தி எல்லையான 0.35, புள்ளியியல் எடைகளையும் ஒளிவீதங்களையும் மட்டுமே சார்ந்தது. ஆகவே மோதல் வலிமை குறித்த விவாதம் அதனைத் தொடவில்லை. தாழ் அடர்த்தி எல்லையை மட்டுமே அசைத்தது. ஐந்து மட்டங்களே கொண்ட எளிய அயனியில், நவீன முறையால் செய்த கணக்கீடே தவறக்கூடும் என்பதும் இதனால் தெளிவாகிறது. முறையின் பெயரோ மட்டங்களின் எண்ணிக்கையோ துல்லியத்துக்கு உறுதிமொழி ஆகா. சார்பற்ற மறுகணக்கீடும் காட்சித் தரவோடு ஒப்பீடும் வேண்டும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

அ) கூலூம் ஈர்ப்பினால் அயனிச் சிதறல், தொடக்க ஆற்றலிலேயே சுழியல்லாத குறுக்குவெட்டுப் பரப்பையும் நெருங்கிய ஒத்ததிர்வுத் தொடர்களையும் கொண்டுள்ளது. விலக்கப்பட்ட வரிகளுக்கு ஒத்ததிர்வுகளை விடுத்த கணக்கீடு போதாது.

ஆ) எலக்ட்ரான் அடர்த்தி மாறுநிலை அடர்த்தியைவிட மிக உயர்ந்த இடத்தில் மோதல் வலிமையின் பிழை முடிவைப் பாதிப்பதில்லை, மிகத் தாழ்ந்த இடத்தில் அப்பிழை குறையாமல் முடிவில் சேர்கிறது.

இ) தோல் கழிவுநீரில் குரோமியத்தை அளப்போர் மோதல் எண்களை அறியாமலேயே சரியான முடிவைப் பெறலாம், ஆயினும் தரக் கரைசலின் உப்பளவு மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும். அளவீட்டு அறிக்கையில் தரக் கரைசல் ஆக்கிய விதத்தையும் குறிப்பது அவ்வெண்ணை மதிப்பிட உதவும்.

ஈ) விண்பொருள் நிறமாலையில் தரக் கரைசலின் இடத்தில் கோட்பாட்டுக் கணக்கீடே நிற்கிறது. ஆகவே அடர்த்தி, வெப்பநிலை, தனிம மிகுதி ஆகியவற்றை வெளியிடும் ஆய்வேடுகள், எந்த மோதல் தரவு எடுத்தாளப்பட்டது, வேறு தரவைக் கொண்டால் முடிவு எவ்வளவு மாறும் என்பவற்றையும் உடன் தருதல் வேண்டும். தொலைநோக்கியின் பிழையை மட்டும் குறித்து அணுத்தரவின் பிழையை விட்டுவிடுவது, எடைக்கல்லைச் சோதிக்காமல் தராசின் முள்ளை மட்டும் சோதிப்பதற்கு ஒப்பாகும்.